நாலு மில்லி போதும்

ஏலே முத்துராசு, இப்படி வந்து உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வை. புனா பக்கத்துல இந்தத் தளேகாவுக்கு நான் வந்து இருபது நாளாச்சு, உன்கூட இருபது நிமிசம் சேந்தாப்ல பேசலை. விடியக்காலை கம்பெனி பஸ் ஏறுதே, ராத்திரி மொகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வாறே. என்னலேன்னு கேட்டா, 'லூப் செக்கிங் தாத்தா'ங்கே. லூப்புன்னா ரயில்வேக்காரனுக்கு லூப் லைன். எக்ஸ்பிரஸ் போறதுக்காகக் கூட்ஸ் வண்டியை ஒதுக்கி நிறுத்துற பாதை. அது இவன் ஆலைக்குள்ள எதுக்கு, இவனைத்தான் ஒதுக்கி நிறுத்திட்டானோன்னு ரெண்டு நாள் மனசுக்குள்ள வச்சு மறுகினேன். அப்பறந்தான் நீ சாப்பாட்டு மேசையில மறந்துட்டுப் போன சிட்டையைப் பாத்தேன். 4, 8, 12, 16, 20. நாலாம் வாய்ப்பாடு! இதை ஆறாங்கிளாஸ் வாத்தியார் பிரம்பை வச்சே சொல்லிக் குடுத்திருப்பாரே. இதுக்கா உங்கப்பன் ரெண்டு ஏக்கரை ஒத்திக்கு வச்சான்?

கோவிச்சுக்காதே. நானும் சிக்னல் கலாசியாச் சேந்து, மெயின்டெய்னரா ரிட்டையர் ஆனவன். மில்லின்னு சொன்னா உங்கப்பனுக்குத்தான் வேற ஞாபகம் வரும். எனக்கு மில்லி ஆம்பியர்தான் ஞாபகம் வரும்.

மொதல்ல போன ஞாயித்துக்கிழமை நடந்த கூத்தைப் பேசிருவோம். மொட்டைமாடித் தொட்டியில தண்ணி எம்புட்டு இருக்குன்னு வாட்ச்மேன் ரூம்ல காட்டுற டப்பாவை வாங்கி மாட்டினது யாரு? ஐயா நீங்கதான். 'காசும் கம்மி, ஆன்லைன்ல கெடைக்கி'ன்னு சைபர்லேர்ந்து பத்து வோல்ட் சாமானா வாங்கினே. தொட்டி காலின்னா சைபர், ரொம்பினா பத்து. கேக்க நல்லாத்தான் இருக்கு. காலையில வாட்ச்மேன் பாக்கான், சைபர். மோட்டாரைப் போடுதான். அரை மணி கழிச்சுப் பாக்கான், சைபர். இன்னும் ஏறலையேன்னு விட்டுட்டு டீக்குப் போயிட்டான். ரெண்டு மணி நேரம்! மேல் வீட்டு அம்மா வெயில்ல காயப்போட்டிருந்த கோதுமை வத்தல் – இவுக அதைக் குர்டயிங்காக – அம்புட்டும் மிதந்து படியில எறங்கி வருது. அந்தம்மா 'ஆஜோபா! ஆஜோபா!'ன்னு கத்துதாக. தாத்தான்னு கூப்புடுதாகன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு மேல ஏறிப் பாத்தா, தொட்டி வழியுது, டப்பாவுக்குப் போற ஒயரை அணில் கடிச்சுத் துப்பியிருக்கு.

இன்ஜினீயர் ஐயா, இப்பச் சொல்லும். தொட்டி காலியானாலும் சைபர். ஒயர் செத்தாலும் சைபர். வாட்ச்மேன் எந்தச் சைபரைன்னு நம்புவான்? அவனைத் திட்டுனியே, வத்தல் அளவுக்காவது வெக்கம் வேண்டாமா?

ஆலையில நீ தெனம் தடவிக்கிட்டிருக்கிற நாலு மில்லியோட அருமை இதுதான். காலித் தொட்டிக்குச் சைபர் கெடையாது, நாலு. ரொம்பின தொட்டிக்கு இருபது. பாதின்னா பன்னண்டு. தண்ணி ஒரு சொட்டு இல்லாட்டியும் ஒயர்ல நாலு மில்லி ஓடிக்கிட்டேதான் இருக்கணும். 'ஒண்ணுமில்லை'ங்கிறதையும் கருவி வாயைத் தொறந்து சொல்லியாகணும். சைபர் வந்துச்சுன்னா அது தொட்டியோட சேதி இல்லை. அணிலோட சேதி.

இப்ப இருக்கிற கருவிகளுக்கு இன்னும் நறுக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்காக. 3.8 மில்லியிலேர்ந்து 20.5 வரைக்கும் வந்தா அளவு. 3.6-க்குக் கீழ போனாலோ 21-க்கு மேல போனாலோ அது அளவே இல்லை, 'எனக்கு ஒடம்பு சரியில்லை'ன்னு கருவி தானே போடுற கூப்பாடு. நம்ம ஊர்ல ஒடம்பு சரியில்லாதவன்கூட இம்புட்டு நாணயமாச் சொல்ல மாட்டான்.

நான் இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. தண்டவாளம் சொல்லிக் குடுத்துச்சு. ஸ்டேஷன்ல ஒரு துண்டுத் தண்டவாளத்துக்கு ரெண்டு முனையிலும் இன்சுலேஷன் வச்சுப் பிரிச்சு, ஒரு கடைசியில பேட்டரியைக் கட்டுவோம், மறு கடைசியில ரிலே. கரண்ட் ஒரு தண்டவாளத்துல போய், ரிலேயைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்திட்டு, மறு தண்டவாளம் வழியாத் திரும்பி வரும். ரிலே தூக்கி நின்னாத்தான் பாதை காலின்னு அர்த்தம். வண்டி ஏறினா சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் சேத்துவிட்டுரும், கரண்ட் குறுக்கால ஓடிரும், ரிலே தொப்புனு விழும், சிக்னல் சிவப்பு. சரி, வண்டியே இல்லை, பேட்டரி செத்துப்போச்சு? சிவப்பு. ஒயரை எவனோ வெட்டிட்டான்? சிவப்பு. தண்டவாளம் உடைஞ்சு விலகினாலும் பெரும்பாலும் சிவப்புதான். 1872-ல அமெரிக்காவுல வில்லியம் ராபின்சன்னு ஒருத்தர் இந்த மூடின சுத்தைக் கண்டுபிடிச்சார். அதுக்கு முந்தி அவர் செஞ்சது தெறந்த சுத்து. வண்டி வந்தாத்தான் கரண்ட் ஓடும். அதுல ஒயர் அறுந்தா வண்டி வரலைன்னு காட்டும்! உன் தொட்டி டப்பா மாதிரி. அவர் தன் தப்பைத் தானே பாத்துத் திருத்திக்கிட்டார். நூத்தம்பது வருசம் கழிச்சு என் பேரன் அதே தப்பை ஆன்லைன்ல ஆர்டர் போட்டு வாங்குதான்.

அட, இந்த ஊருக்கே தெரிஞ்ச விசயம்லே இது. 1779 ஜனவரியில பம்பாயிலேர்ந்து கும்பினிப் பட்டாளம் புனாவைப் பிடிக்க மலையேறி இதே தளேகாவுக்கு வந்துச்சு. வந்து பாத்தா ஊரு சைபர். வீட்டைக் கொளுத்திப்போட்டு, தவசத்தை ஒதுக்கிட்டு, சனம் காலி பண்ணிட்டுது. ஊரு காலின்னா எதிரியும் காலின்னா அர்த்தம்? மராட்டியக் குதிரைப்படை சுத்திச் சுத்தி நின்னுக்கிட்டிருந்துது. தின்ன வழியில்லாம, கனத்த பீரங்கிகளை இங்கன இருந்த குளத்துல தள்ளிட்டு ராத்திரியோட ராத்திரியாத் திரும்பினாக. வட்காவுல மடக்கிட்டாக. லோக்கல் வண்டியில போனா அடுத்த ஸ்டேஷன்தான். அங்க உக்காந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் ஊரு போய்ச் சேந்தாக. சைபரை நம்பிக் கெட்டவுகள்ல நீ மொத ஆளும் இல்லை, பெரிய ஆளும் இல்லை. தேறிக்கோ.

'அது சரி தாத்தா, வோல்ட்டா அனுப்பாம ஏன் கரண்டா அனுப்பணும்'னு என்கிட்டக் கேக்க உனக்குக் கூச்சம். நீ கேட்டதா வச்சுக்கிட்டு நானே பதில் சொல்லுதேன்.

நம்ம கெணத்துல மோட்டார் வர்றதுக்கு முந்தி ஆயில் இன்ஜின் இருந்துச்சுல்லா, கிர்லோஸ்கர். அதுவும் இந்தப் புனாவுக்காரன் சரக்குதான், 1946-ல ஆரம்பிச்ச கம்பெனி. இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவுல பெல்ட் ஓடும். அந்தப் பெல்ட்டை இன்ஜின் பக்கத்துல நின்னு பாத்தாலும், பம்பு பக்கத்துல நின்னு பாத்தாலும், நடுவுல நின்னு பாத்தாலும் ஓட்டம் ஒண்ணுதானே? பத்தடி பெல்ட்டானாலும் முப்பதடி பெல்ட்டானாலும் இங்க ஒரு சாண் நகந்தா அங்க ஒரு சாண். சுத்தா ஓடுற கரண்டும், அதான் உன் லூப்பு, அப்படித்தான். கருவி பன்னண்டு மில்லியை விட்டா, கன்ட்ரோல் ரூம்லயும் பன்னண்டு. நடுவுல களவு போக வழியில்லை. வோல்ட் அப்படியில்லை, அது வாய்க்கால் தண்ணி. போற வழியில கரை குடிக்கும், கடைமடைக்காரன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு நிப்பான். அதுவும் போக, பக்கத்துல பெரிய மோட்டார் கேபிள் போனா அதோட இரைச்சலும் வோல்ட்டுல ஏறிக்கும். ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்ட கரண்டுச் சுத்துல அந்தப் பாச்சா அவ்வளவு லேசுல பலிக்காது.

கணக்குப் போட்டுக் காட்டட்டா? உன் சிட்டைக்குப் பின்னாலயே போட்டு வச்சிருக்கேன். 24 வோல்ட் சப்ளை. ஒண்ணரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி, கிலோமீட்டருக்குச் சுமாரா 12 ஓம். போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர், 24 ஓம். இருபது மில்லி ஓடினா அதுல போறது அரை வோல்ட்டுகூட இல்லை. கன்ட்ரோல் ரூம்ல 250 ஓம் ரெசிஸ்டர். அதுல நாலு மில்லி ஓடினா ஒரு வோல்ட், இருபது ஓடினா அஞ்சு வோல்ட். இத்தனையும் போக 18 வோல்ட்டுக்கு மேல கருவிக்கு மிஞ்சுது. பெரும்பாலும் அதுக்குப் பன்னண்டு இருந்தாப் போதும். கம்பி நீண்டா கரண்ட் கொறையாது, கையிருப்பு வோல்ட்தான் கொஞ்சம் கரையும். கையிருப்பு தீர்ற வரைக்கும் சேதி சுத்தம்.

இதுல எனக்குப் பிடிச்சதே அந்த ரெண்டு ஒயர்க் கருவிதான். அதுக்குத் தனியா கரண்ட் கனெக்‌ஷன் கெடையாது. சேதி போற அதே ஒயர்லதான் அதுக்குக் கூலியும் வருது. தொட்டி காலியா இருக்கிறப்ப ஓடுற அந்த நாலு மில்லிக்குள்ளயே அது தன் வயித்தையும் கழுவிக்கிட்டு, அளந்து, கணக்குப் பாத்து, சேதியும் சொல்லணும். ஃபேன், லைட்டு, ஏசி, டீ, சமோசா எல்லாம் குடுத்தும் மாசக் கடைசியில ஒரு ரிப்போர்ட்டு எழுத முடியாம முழிக்கிறவனுக ஞாபகம் வருதா? நான் யார் பேரையும் சொல்லலை.

நாலுங்கிற இந்தப் புத்தியும் கரண்டோட பொறக்கலை. அதுக்கு முந்தி ஆலைகள்ல காத்துதான் சேதி சொல்லிச்சு. செப்புக் கொழாயில காத்தை அடைச்சு, 3 பிஎஸ்ஐ-ன்னா காலி, 15-ன்னா ரொம்பிச்சு. அங்கயும் மூணுலதான் ஆரம்பம், சைபர் இல்லை. கொழாய் ஒடைஞ்சா தெரிஞ்சு போகும்லா. மூணுக்குப் பதினஞ்சு, நாலுக்கு இருபது: ரெண்டும் ஒண்ணுக்கு அஞ்சு. கொஞ்ச காலம் 10-லேர்ந்து 50 மில்லின்னும் ஒரு கூட்டம் ஓட்டிப் பாத்துச்சு. அப்பறம் அமெரிக்கக் கருவிக்காரவுக சங்கம் 1975-ல நாலு-இருபதைத் தரமாக்கி எழுதி வச்சுது.

அதுக்கும் முந்தி கண்ணுதான் கருவி. இந்தத் தளேகாவுல பைசா ஃபண்ட் கண்ணாடி ஆலைன்னு ஒண்ணு, தெரியுமா? ஒனக்கு எங்க தெரியும், மாலுக்குத்தான் வழி தெரியும். அந்தாஜி தாமோதர் காளேன்னு ஒரு மனுசர், ஆளுக்கு ஒரு பைசான்னு ஊர் ஊராத் தண்டி, திலகர் ஆதரவோட சேத்த நிதி. அதுல 1908-ல இங்க கண்ணாடி ஆலை வச்சாக. அதே 1908-லதான் வெள்ளைக்காரன் திலகரை மாந்தளைக்கு அனுப்பினான், நம்ம தூத்துக்குடி வ.உ.சி.யைப் பிடிச்சு உள்ள போட்டான். அங்க கப்பல், இங்க கண்ணாடி. உலைச் சூடு அன்னைக்கு நெருப்போட நெறத்தைப் பாத்துக் கை தேர்ந்தவன் சொல்ற கணக்கு. இன்னைக்குக் கண்ணாடி உலைக்குள்ள பிளாட்டினம் தெர்மோகப்பிள். 1500 டிகிரியில அது வெளிய தர்றது வெறும் பதினஞ்சரை மில்லி வோல்ட். கொசு முனகுற சத்தம். அதை அப்படியே ஆலைக்குள்ள நெடுந்தூரம் இழுத்துட்டுப் போனா நடுவுலயே அமுங்கிரும். அதான் உலை வாசல்லயே ஒரு டிரான்ஸ்மிட்டரை உக்கார வச்சு, மில்லி வோல்ட்டை மில்லி ஆம்பியரா மாத்தி அனுப்புதாக.

இனிமே நான் சொல்லப் போறது புத்திமதி. காதைக் குடு.

மீட்டரை ஆம்பியர்ல வச்சா, சுத்தை வெட்டி நடுவுல சேக்கணும். நீ என்ன பண்ணே? ஆம்பியர்ல வச்சுக்கிட்டே 24 வோல்ட் சப்ளைக்குக் குறுக்கால வச்சுட்டே. ஃபியூஸ் போச்சு. எப்படித் தெரியும்னு பாக்கியா? பையில ஒரு டப்பா ஃபியூஸ் வாங்கி வச்சிருக்கியே, அது மாமனாருக்குச் சீர் குடுக்கவா?

ஒரு சுத்துக்கு ஒரு சப்ளைதான். கருவியும் கரண்ட் தர, கன்ட்ரோல் ரூம்ல அதைப் படிக்கிற கார்டும் கரண்ட் தரன்னு எதிரெதிர ரெண்டைக் கட்டினா, ஒரே நுகத்துல மொகத்துக்கு மொகம் பூட்டின மாடு மாதிரி வண்டி நகராது. கார்டு புகைஞ்சாலும் புகையும். ரெண்டு ஒயர்க் கருவியா, நாலு ஒயர்க் கருவியான்னு பாத்துட்டு ஸ்குரூவைத் தொடு.

கேபிள் மேல சுத்தியிருக்கிற ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணு. ரெண்டு பக்கமும் கட்டினா அது தனியா ஒரு சுத்தாகி, கண்ட கரண்டும் அதுல ஓடும். ரெண்டு வீட்டுக்கு மாப்பிள்ளையா இருக்கப் பாத்தவன் எந்த வீட்டுலயும் நிம்மதியாச் சோறு தின்னதில்லை.

'தாத்தா, இதெல்லாம் பழசு, இண்டஸ்ட்ரி 4.0 வந்துட்டுது'ன்னு அன்னைக்குப் பீத்திக்கிட்டே. எனக்கு அப்பச் சிரிப்பு வந்துது. நாலு புள்ளி சைபர்தானே? அது ஏற்கெனவே ஒயர்ல ஓடிக்கிட்டு இருக்கு ராசா! புதுசா வந்தவுக அதைத் தூக்கி எறியலை, அது மேலயே ஏறி உக்காந்தாக. ஹார்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா, 1980-கள்ல ரோஸ்மவுண்ட் கம்பெனிக்காரன் கொண்டு வந்தது. நாயனத்துக்கு ஒத்து ஊதுறவன் ஒரே சுதியைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்லா, அதுதான் நாலு-இருபது. அது மேல அரை மில்லி ஏத்தி எறக்கி, 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ்னு ரெண்டு சுரத்துல வாசிக்கிறதுதான் ஹார்ட்டு. ஏத்தமும் எறக்கமும் சரிக்குச் சரி, அதனால ஒத்து கலையாது. கருவி பேரு, ஊரு, ஒடம்பு நெலவரம் எல்லாம் அந்தப் பாட்டுல வந்துரும். ஒயர்லெஸ்ஸும் வரட்டும், வேண்டாங்கலை. பேட்டரி தீந்தா ஏணி வச்சு ஏறப்போறது நீதானே, நானா?

சேதியைச் சுத்துல ஓட விடுறது உங்க ஆலைக்காரவுகளுக்கு மட்டும் வாச்ச வித்தை இல்லை. பழைய டெலிபிரிண்டர் மிசினும் 60 மில்லி, அப்பறம் 20 மில்லிச் சுத்துல ஓடினதுதான். சும்மா இருக்கிறப்பவும் கரண்ட் ஓடணும். லைன் அறுந்துச்சோ, தாளு அச்சடிக்காம மிசின் மட்டும் கடகடன்னு பேய் பிடிச்ச மாதிரி ஆடும். தூங்குற ஆளும் எந்திரிச்சு வந்துருவான். நம்ம கிண்டியில அந்த மிசின் செய்யவே 1960-ல இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ்னு சர்க்கார் ஆலை வச்சாக. தந்தியையே 2013 ஜூலையில மூடிட்டாக. பொறவு மிசினுக்கு என்ன வேலை.

உன் தம்பி திருவிழாக் கச்சேரியில கீபோர்டு வாசிக்கானே, அதுக்குப் பின்னால அஞ்சு முள்ளு வச்ச ரவுண்டு சாக்கெட் இருக்கும், மிடி. 1983-ல வந்தது. அதுவும் கரண்டுச் சுத்துதான், 5 மில்லி. ஆனா அதுல ஒரு கோளாறு: சும்மா இருந்தா கரண்ட் ஓடாது. பாட்டு நடுவுல எவன் காலாவது ஒயரை இடறி உருவிட்டா, அமுக்கின சுரம் அப்படியே கூவிக்கிட்டுக் கெடக்கும். அதுக்கு ஒரு மருந்து கண்டுபிடிச்சாக. வாசிக்காட்டியும் 300 மில்லி செகண்டுக்குள்ள ஒரு தடவை 'நான் இருக்கேன்'னு கீபோர்டு சொல்லிக்கிட்டே இருக்கணும். அந்தச் சத்தம் நின்னா, எதிர்ப்பக்கம் எல்லாச் சுரத்தையும் அடக்கிரும். எல்லாக் கீபோர்டும் இதைச் செய்யாது. செய்யுறது நல்ல கீபோர்டு.

அந்த 'நான் இருக்கேன்'ங்கிற சத்தத்துக்காகத்தான் உங்க ஆச்சியும் வாரம் ஏழு நாளும் போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. நீ பேசாட்டி, 'வேலை அதிகம் போல'ன்னு ஒரு சைபர். 'ஒடம்புக்கு என்னமோ'ன்னு ஒரு சைபர். 'மராட்டிப் புள்ள எதுவும் பிடிச்சுட்டானோ'ன்னு ஒரு சைபர். எது எந்தச் சைபர்னு அவளுக்கு எப்படித் தெரியும்? சேதி இல்லாட்டிப் போகட்டும். 'ஒண்ணும் விசேசமில்லை ஆச்சி'ன்னு ஒரு வார்த்தை. ஆபீஸ் பஸ்ல வாறப்ப. மராட்டிப் புள்ள இருந்தா இருபது மில்லியாவே சொல்லிரு, நான் பேசிக்கிடுதேன்.

பழைய டப்பாவைக் கழட்டிட்டு நேத்து நாலு-இருபது போட்டுட்டேன். ஒயரை இரும்புக் கொழாய்க்குள்ள விட்டாச்சு, அணில் பல்லைத்தான் உடைச்சுக்கிடணும். வாட்ச்மேன்கிட்ட மராட்டியிலயும் கையாலயும் சொல்லிட்டேன்: சைபர் வந்தா மோட்டாரைத் தொடாதே, ஆஜோபாவைக் கூப்பிடு. இப்ப வாறப்பப் பாத்தேன், 9.6 காட்டுது. நாலைக் கழிச்சு, பதினாறால வகு. முப்பத்தஞ்சு சதம். போய் மோட்டாரைப் போடச் சொல்லு.